‘ஜம்போ’ என்று எழுதினால் போதுமா? ஸ்டஃப்டு இறாலை வீட்டில் செய்யும் முன் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

பாஸ்டன் பக்கம் இருக்கும் பழைய கடல் உணவு ரெஸ்டாரன்ட்களின் மெனு கார்டில் லாப்ஸ்டருக்குப் பக்கத்திலேயே ஒரு ஐட்டம் இருக்கும்: ‘பேக்டு ஸ்டஃப்டு ஷ்ரிம்ப்’. பெரிய இறாலை முதுகில் கீறி, புத்தகம் மாதிரி விரித்து, அதன் மேல் வெண்ணெயில் பிசைந்த பிஸ்கட் தூளைக் குவித்து, ஓவனில் வைத்து எடுத்துத் தருவார்கள். வால் மட்டும் மேலே வளைந்து நிற்கும். தட்டில் நாலைந்து இறால், ஒரு எலுமிச்சைத் துண்டு. பில் நம்ம ஊர் கணக்கில் சில ஆயிரம் ரூபாய்.

இன்று அந்த ரெசிபி ரீல்ஸ் வழியாக சென்னை, கோவை ஃபிளாட்களுக்கும் வந்துவிட்டது. ஓ.டி.ஜி.யோ ஏர் ஃப்ரையரோ வாங்கியவர்கள் கேக்குக்கு அடுத்து முயற்சி செய்வது இந்த மாதிரி ஐட்டங்களைத்தான். செய்து பார்த்தவர்கள் சொல்லும் குறையும் ஒரே மாதிரி இருக்கிறது. மேலே பிஸ்கட் நல்லா இருந்துச்சு, உள்ளே இறால் ரப்பர் மாதிரி ஆயிடுச்சு. இல்லையென்றால், தண்ணி விட்டு எல்லாம் சொதசொதன்னு ஆயிடுச்சு.

உடனே எல்லாரும் ஸ்டஃபிங்கில்தான் தப்பு என்று நினைக்கிறார்கள். அடுத்த தடவை சீஸ் சேர்க்கிறார்கள், மயோனைஸ் சேர்க்கிறார்கள். பெரும்பாலும் தப்பு அங்கே இல்லை. இறால் வாங்கிய இடத்திலேயே, சரியாகச் சொன்னால் அந்தப் பாக்கெட்டின் மேல் எழுதாமல் விட்ட இரண்டு விஷயங்களிலேயே பாதி சமையல் கெட்டுப்போயிருக்கும்.

அது யாருடைய இறால்?

இந்த டிஷ்ஷுக்கு ‘நியூ இங்கிலாந்து ஸ்பெஷல்’ என்று பெயர். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், மெய்ன் உள்ளிட்ட ஆறு மாநிலங்களைச் சேர்த்து அப்படிச் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடலில் கிடைக்கும் இறாலை வைத்து இதைச் செய்யவே முடியாது. மெய்ன் கடலில் கிடைப்பது விரல் நீளம்கூட இல்லாத குட்டி இறால். அதையும் 2014 முதல் வணிக ரீதியாகப் பிடிக்கத் தடை போட்டுவிட்டார்கள். கடல் சூடாகி, இறால் எண்ணிக்கை சரிந்துவிட்டதுதான் காரணம்.

ஆக, நியூ இங்கிலாந்தின் பங்களிப்பு பிஸ்கட்டும் வெண்ணெயும்தான். 1934-ல் நபிஸ்கோ நிறுவனம் ‘ரிட்ஸ்’ என்ற உப்பும் லேசான இனிப்பும் கலந்த பிஸ்கட்டைக் கொண்டுவந்தது. அந்தப் பகுதியில் மீன், லாப்ஸ்டர், இறால் என எதை ஓவனில் வைத்தாலும் மேலே இதை நொறுக்கிப் போடுவது வழக்கமாகிப் போனது. பெரிய இறால் வெளியூரிலிருந்துதான் வர வேண்டும். ஒரு காலத்தில் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வந்தது. இன்று அமெரிக்கர்கள் சாப்பிடும் இறாலில் 90 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி. அதில் முதல் இடம் இந்தியாவுக்கு.

2024-25 நிதியாண்டில் இந்தியா ஏற்றுமதி செய்த உறைந்த இறால் சுமார் 7.41 லட்சம் டன். அதில் சுமார் 3.11 லட்சம் டன் அமெரிக்காவுக்கு மட்டும் போனது. பத்தில் நாலு பங்குக்கும் மேல்! பெரும்பகுதி ஆந்திரக் குளங்களில் வளர்ந்தது. நம் பக்கமும் திருவள்ளூர், கடலூர், மயிலாடுதுறை, நாகை, ராமநாதபுரம் என்று பண்ணைகள் உண்டு. பாஸ்டனில் வால் வளைந்து நிற்கும் இறால் நெல்லூர் பக்கத்துக் குளத்தில் வளர்ந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அப்படியென்றால் இங்கே இதைச் செய்ய நமக்கு என்ன கஷ்டம்? பெரிய இறாலை இன்ன சைஸ் என்று கேட்டு வாங்கும் பழக்கமே இங்கே வளரவில்லை. அதுதான் கஷ்டம்.

‘லார்ஜ்’ என்பது அளவு இல்லை

இறால் வியாபாரத்தில் சைஸுக்கு ஒரு பாஷை உண்டு. குளத்தங்கரையில் வியாபாரி ‘30 கவுன்ட்’, ‘60 கவுன்ட்’, ‘100 கவுன்ட்’ என்றுதான் விலை பேசுவார். கிலோவுக்கு எத்தனை இறால் என்ற கணக்கு. எண் குறையக் குறைய இறால் பெரிது, விலையும் அதிகம். அமெரிக்காவில் இதே கணக்கு பவுண்டுக்கு. பாக்கெட்டில் ‘16/20’ என்று இருந்தால் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 16 முதல் 20 இறால். அங்கே ஒரு சாதாரண சூப்பர் மார்க்கெட்டிலேயே இந்த எண் பாக்கெட்டில் இருக்கும்.

இங்கே? ஆப்பில் ஆர்டர் செய்தால் ‘மீடியம்’, ‘லார்ஜ்’, ‘ஜம்போ’. ஒரு கடையின் ஜம்போ இன்னொரு கடையின் லார்ஜைவிடச் சின்னதாக இருக்கும். குளத்தில் எண்ணிப் பார்த்து வாங்கிய அதே சரக்கு, நம்ம கைக்கு வரும்போது எண்ணை இழந்து பெயரடை ஆகிவிடுகிறது. சட்டை வாங்கும்போதுகூட 40, 42 என்று நம்பர் இருக்கிறது.

இது வெறும் குறை சொல்லும் விஷயம் இல்லை. ஸ்டஃப்டு இறால் மாதிரி ஒரு சமையலில் சைஸ்தான் நேரத்தைத் தீர்மானிக்கிறது. கிலோவுக்கு 30 இருக்கும் இறால், தலையோடு ஒவ்வொன்றும் 33 கிராம் வரும். தலையும் ஓடும் போனால் சதை அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் நிற்கும். இதற்கு ஓவனில் பத்து நிமிஷம் சரி. கிலோவுக்கு 60 வரும் இறாலை அதே பத்து நிமிஷம் வைத்தால் ரப்பர்தான். ரெசிபி எழுதியவர் ‘பெரிய இறால்’ என்று சொல்லியிருப்பார், நீங்களும் ‘லார்ஜ்’ வாங்கியிருப்பீர்கள். இருவரும் நினைத்தது வேறு வேறு இறால்.

மீன் கடையிலோ காசிமேட்டிலோ வாங்குபவர்களுக்கு இது சுலபம். “அண்ணா, கிலோவுக்கு எத்தனை நிக்கும்?” என்று கேட்டால் அவர் சொல்லிவிடுவார். ஸ்டஃப் செய்ய 25 முதல் 30 வரை நிற்கும் வனாமி போதும். டைகர் இறால் கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் பர்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு 12 இறால், அரை கிலோவுக்கு உள்ளேயே வேலை முடிந்துவிடும்.

தண்ணீருக்குக் கொடுக்கும் காசு

எழுதாமல் விடும், அல்லது எழுதியும் யாரும் படிக்காத, இரண்டாவது விஷயம் பாஸ்பேட். உறைந்த இறாலைப் பதப்படுத்தும்போது சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட் கலந்த நீரில் ஊறவைப்பது உலகம் முழுக்க இருக்கும் பழக்கம். இறால் காய்ந்து போகாமல் இருக்க என்று காரணம் சொல்வார்கள், அது உண்மைதான். கூடவே இறால் தண்ணீரை உறிஞ்சி எடையும் கூடும். அனுமதிக்கப்பட்ட அளவில் இது ஆபத்து இல்லை. ஆனால் சமையல் கெடும். வாணலியில் வதக்கும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். ஸ்டஃப்டு இறாலில் அது போக வழியில்லை. மேலே இருக்கும் பிஸ்கட் தூள்தான் அதைக் குடிக்கும். சொதசொத ஆன கதை இதுதான்.

பாக்கெட்டின் பின்பக்கம் சேர்மானப் பட்டியலில் ‘இறால்’ என்று மட்டும் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஐ.என்.எஸ் 451, 452 என்று எண்கள் இருந்தால் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், இதற்கு வேண்டாம். மேலே இருக்கும் ஐஸ் பூச்சு போக நிகர எடை எவ்வளவு என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இதனால் உறைந்த இறாலே கூடாது என்று அர்த்தம் இல்லை. கடலோர ஊரில் இல்லாதவர்களுக்கு, நாலு நாள் ஐஸில் கிடந்த ‘ஃப்ரெஷ்’ இறாலைவிட, பிடித்த அன்றே உறைய வைத்தது நல்ல சாய்ஸ். ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள். அவசரம் என்றால் கவரோடு பச்சைத் தண்ணீரில் போடலாம். வெந்நீர் மட்டும் கூடவே கூடாது, அதிலேயே ஓரம் வெந்துவிடும்.

சமையல் பகுதி சின்னதுதான்

ஓட்டை உரியுங்கள், வால் துண்டை மட்டும் விட்டுவிடுங்கள். முதுகில் கத்தியை ஓட்டி, கருப்பு நரம்பு போல இருப்பதை எடுங்கள். அது நரம்பு இல்லை, இறாலின் குடல். அதே கீறலை இன்னும் ஆழப்படுத்தி, வெட்டு மறுபக்கம் போய்விடாமல் விரியுங்கள். உள்பக்கம் குறுக்கே இரண்டு மூன்று இடத்தில் லேசாகக் கீறிவிட்டால் வேகும்போது சுருளாது. பேப்பர் டவலால் ஒற்றி ஈரத்தை எடுப்பதை மட்டும் யாரும் தவிர்க்க வேண்டாம். ரீல்ஸில் இந்த இடத்தைத்தான் கட் பண்ணிவிடுகிறார்கள்.

ஸ்டஃபிங்குக்கு ரிட்ஸ் தேடி அலைய வேண்டாம். உப்பு பிஸ்கட் எதுவும் ஓகே. மோனாக்கோ சரியாக வரும். 50-50 மாதிரி இனிப்பும் உப்பும் கலந்தது ரிட்ஸுக்கு இன்னும் நெருக்கம். 12 இறாலுக்கு 60 கிராம் பிஸ்கட், 50 கிராம் வெண்ணெய். வெண்ணெயில் பொடியாக நறுக்கிய ஒரு சின்ன வெங்காயத்தையும் இரண்டு பல் பூண்டையும் வதக்கி, இரண்டு மூன்று இறாலைக் கொத்திப் போட்டு நிறம் மாறும் வரை புரட்டி, இறக்கி, நொறுக்கிய பிஸ்கட், மிளகுத்தூள், கொத்தமல்லி, அரை மூடி எலுமிச்சைச் சாறு. பிஸ்கட்டில் உப்பு இருக்கிறது, தனியாக வேண்டாம். அங்கே நண்டுச் சதையும் சேர்ப்பார்கள். நண்டு கிடைத்தால் வேகவைத்து உதிர்த்துச் சேருங்கள். பச்சையாகச் சேர்த்தால் அது வேகும் நேரத்துக்குள் கீழே இருக்கும் இறால் அதிகம் வெந்துவிடும்.

பதம் எப்படித் தெரியும்? புட்டு மாவுதான் கணக்கு. கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதைவிட ஈரமானால் ஸ்டஃபிங் அவிந்துபோகும், காய்ந்தால் வாயில் மண் மாதிரி இருக்கும்.

ஸ்டஃபிங் எதற்கு இருக்கிறது என்பதையும் ஒரு நிமிஷம் யோசிக்கலாம். பார்ப்பவர்கள் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது இறாலுக்குப் போர்வை. ஓவனின் மேல்சூடு நேராகச் சதையில் படாமல், வெண்ணெய் கலந்த தூள் அதைத் தாங்கிக்கொள்கிறது. தூள் பொன்னிறமாகும் நேரமும் இறால் வேகும் நேரமும் ஒன்றாக வரும்படி அமைந்த சமையல் இது. அந்தக் கணக்கில் சீஸைக் கொண்டுவந்து மூடினால் இரண்டுமே கண்ணுக்குத் தெரியாது. சீஸ் உருகிப் பொன்னிறமாகும் வரை காத்திருப்பீர்கள், இறால் அதற்கு முன்பே முடிந்திருக்கும். சீஸ் பிடித்தவர்கள் தனியாகச் சாப்பிடலாமே!

மிளகாய்த்தூள் பற்றியும் கேள்வி வரும். சேர்ப்பது உங்கள் நாக்கு, உங்கள் உரிமை. ஆனால் 200 டிகிரியில் மேலாகத் தெரியும் மிளகாய்த்தூள் பிஸ்கட்டுக்கு முன்னால் கருகும், கசக்கும். காரம் வேண்டும் என்றால் பச்சை மிளகாயை வெங்காயத்தோடு வதக்கிவிடுங்கள்.

ஓ.டி.ஜி.யை 200 டிகிரி செல்சியஸில் பத்துப் பதினைந்து நிமிஷம் முன்பே சூடாக்கி வைத்துவிட்டு, தட்டை நடு வரிசையில் வையுங்கள். 30 கவுன்ட் இறாலுக்கு எட்டாவது நிமிஷத்தில் ஒரு தடவை பாருங்கள். பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். ஏர் ஃப்ரையரில் 180 டிகிரி, ஆறேழு நிமிஷம். அதன் ஃபேன் காற்று தூளைக் கிளப்பிவிடும் என்பதால், ஸ்டஃபிங்கை விரலால் அழுத்தி மேலே இரண்டு சொட்டு உருகிய வெண்ணெய் விடுங்கள்.

வெந்ததா என்று பார்க்க நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். இறாலுக்குள் அஸ்டாக்சாந்தின் என்ற சிவப்பு நிறமி ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு மறைந்திருக்கிறது. சூடு பட்டதும் அந்தப் புரதம் விட்டுக்கொடுத்துவிட, சிவப்பு வெளியே வருகிறது. இது மேல்பரப்பில் சீக்கிரமே நடந்துவிடும். தடிமனான இடத்தில் ஒரு இறாலைப் பிரித்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி இருந்த சதை முத்து வெள்ளையாக மாறியிருந்தால் உடனே எடுத்துவிடலாம். தட்டின் சூட்டிலேயே இன்னும் கொஞ்சம் வேகும்.

இறால் என்றாலே கொலஸ்ட்ரால் என்று பயப்படுபவர்களுக்கு: இறாலில் கொலஸ்ட்ரால் இருப்பது உண்மை, ஆனால் நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைவு, புரதம் 100 கிராமுக்கு 20 கிராம் அளவில் இருக்கிறது. இந்தத் தட்டில் கவனிக்க வேண்டியது அந்த 50 கிராம் வெண்ணெயை. ஓடுள்ள கடல் உணவு அலர்ஜி இருப்பவர்கள் மட்டும் எந்த வடிவத்திலும் தொடக் கூடாது.

ஒரு வரி, பல குளங்கள்

இதையெல்லாம் வீட்டுச் சமையல் என்று மட்டும் பார்க்க முடியாததற்குக் காரணம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீது 50 சதவீத கூடுதல் வரி போட்டபோது, முதலில் அடி வாங்கியவர்களில் இறால் வளர்ப்பவர்களும் இருந்தார்கள். இறாலை நெல் மூட்டை மாதிரி அடுக்கி வைத்து நல்ல விலைக்குக் காத்திருக்க முடியாது. குளத்தில் ஒவ்வொரு நாளும் தீவனம், ஏரேட்டருக்குக் கரண்ட், நோய் வந்தால் மொத்தமும் காலி. வரி ஏறும், இறங்கும், பேச்சுவார்த்தை நடக்கும். குளத்துக்காரருக்கு அதுவரை பொறுமை இருந்தாலும் இறாலுக்கு இருக்காது.

அப்போதெல்லாம் ‘உள்நாட்டில் இறால் சாப்பிடுவதை ஊக்குவிக்க வேண்டும்’ என்ற பேச்சு கிளம்பும். நியாயமான பேச்சுதான். ஆனால் ஊக்குவிப்பு என்றால் ஒரு நாள் திருவிழா நடத்தி இறால் பிரியாணி கொடுப்பது இல்லை. அமெரிக்க வாடிக்கையாளருக்குப் பாக்கெட்டில் கிடைக்கும் தகவல் இங்கே இருப்பவருக்கும் கிடைக்க வேண்டும். கிலோவுக்கு எத்தனை என்ற எண், பாஸ்பேட் சேர்த்ததா இல்லையா, எந்தத் தேதியில் உறைய வைத்தது. இந்த மூன்றும் பாக்கெட்டின் முன்பக்கம், தமிழில், படிக்கிற சைஸில். ஏற்றுமதிக்குப் பேக் செய்யும் நிறுவனங்களுக்கு இது புது வேலையே இல்லை. தினமும் செய்வதுதான்.

நாலாவதாக ஒன்றும் வேண்டும்: கடலில் பிடித்ததா, பண்ணையில் வளர்த்ததா, பண்ணை என்றால் பதிவு பெற்றதா. நம் ஊரில் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு. 1990-களில் நாகை உள்ளிட்ட டெல்டா கடலோரத்தில் இறால் பண்ணைகளால் நிலத்தடி நீர் உப்பாகி, வயல் பாழானதை எதிர்த்து சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த, பாரம்பரிய முறை அல்லாத பண்ணைகளை அகற்றச் சொன்னது. பிறகு 2005-ல் தனிச் சட்டம் வந்து, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்திடம் பதிவு செய்து நடத்தலாம் என்று ஆனது. இறால் வாங்குங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்த வயல்களைப் பற்றிப் பேசாமல் இருப்பது நேர்மை இல்லை. பதிவு எண் பாக்கெட்டில் இருந்தால், விதிப்படி நடத்துபவருக்கும் அது லாபம்தான்.

ஆப்களால் இதை நாளைக்கே செய்ய முடியும். சைஸ் என்ற இடத்தில் ‘ஜம்போ’வை எடுத்துவிட்டு ‘கிலோவுக்கு 26-30’ என்று போடுவதற்கு எந்தச் சட்டமும் வரத் தேவையில்லை. அதுவரை கஸ்டமர் சாட்டில் கேளுங்கள். “கவுன்ட் என்ன, பாஸ்பேட் இருக்கா” என்று பத்துப் பேர் கேட்டால் பதில் வராமல் போகலாம்; பத்தாயிரம் பேர் கேட்டால் அந்த ஆப்பில் ஒரு புது வரி சேரும்.

உரித்த ஓட்டையும் தலையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கொஞ்சம் எண்ணெயில் சிவக்க வறுத்து, தண்ணீர் ஊற்றி இருபது நிமிஷம் கொதிக்கவிட்டு வடிகட்டி ஃப்ரிட்ஜில் வைத்தால், மறுநாள் குழம்புக்குப் புளி கரைக்க அந்தத் தண்ணீரையே எடுத்துக்கொள்ளலாம்.